தீயைக் கூட்டாதீங்க, காற்றைப் பாருங்க

தீ கொஞ்சம் மந்தமாக எரிந்தால் போதும், கை நேராக ரெகுலேட்டருக்குப் போய்விடும். காஞ்சிபுரத்தில் டீக்கடை, கல்யாண மண்டபத்துப் பின்கட்டு, பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறை என்று எங்கே போனாலும் இதே பழக்கம்தான். "கேஸ் சரியா வரல அண்ணா, இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்க" என்பார்கள். திறந்தால் தீ உயரமாக வரும், அண்டாவின் பக்கவாட்டை நக்கும், பார்க்கப் பெருசாக இருக்கும். கொதிப்பு மட்டும் பழைய வேகத்தில்தான் இருக்கும். பெரும்பாலான நேரம் கேஸ் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கிறது. வராதது காற்று.

இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். வீட்டு அடுப்பைவிட, கேன்டீன் பர்னர், ஹை பிரஷர் பர்னர் என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய சாமானைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். இந்த ஊரில் அதை வைத்துப் பிழைப்பவர்கள் அதிகம். அதற்கு ஒரு பயிற்சியும் யாரும் கொடுப்பதில்லை. கடையில் வாங்கி, டியூபை மாட்டி, பற்றவைப்பதோடு சரி.

கணக்கு சின்னதுதான். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரு லிட்டர் புரொப்பேன் ஆவி முழுசாக எரிய 24 லிட்டர் காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 லிட்டர். அடுப்பில் எரிவதில் பெரும்பகுதி காற்றுதான், கேஸ் அதில் ஒரு துளி. அந்தக் காற்றில் ஏறக்குறைய பாதி, பர்னருக்குள் நுழையும்போதே கேஸோடு கலந்துவிட வேண்டும். மீதி, தீயைச் சுற்றியுள்ள வெளிக்காற்றிலிருந்து வரும்.

உள்ளே போகும் காற்றை யார் தள்ளுகிறார்கள்? மோட்டாரும் இல்லை, ஃபேனும் இல்லை. ஜெட் என்கிற அந்தப் பித்தளைத் துளையிலிருந்து கேஸ் வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறது. காந்தி ரோட்டில் பஸ் ஒன்று வேகமாகப் போனால் பின்னாலேயே தூசியும் காகிதமும் இழுபட்டு ஓடுமே, அப்படித்தான் அந்தப் பீச்சல் பக்கத்திலிருக்கும் காற்றையும் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகிறது. 1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் புன்சனும், அவருக்குக் கருவி செய்து கொடுத்த டெசாகாவும் ஆய்வுக்கூட பர்னரை உருவாக்கினபோது பயன்படுத்தினது இதே வழிதான். பள்ளிக்கூட லேபில் அடியில் வளையத்தைத் திருகித் தீயின் நிறத்தை மாற்றிப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கேன்டீன் பர்னரின் கழுத்திலும், ஜெட் நுழையும் இடத்தில், அதே வேலைக்கு ஒரு தகடோ வளையமோ இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் ஏறி, அது அசையாமல் இறுகிக் கிடக்கும். பல கடைகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அதை அசையவைப்பதுதான் முதல் வேலை. கேஸை மூடி, பர்னர் ஆறினபிறகு துடைத்து, துளி எண்ணெய் விட்டுத் திருகிப் பாருங்கள். பிறகு தகட்டை முக்கால்வாசி மூடிவிட்டுப் பற்றவையுங்கள். மஞ்சளாக, நீளமாக, சோம்பேறித்தனமாக ஒரு தீ வரும். இப்போது தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போனால் மஞ்சள் நுனியில் ஒடுங்கும், அப்புறம் மறைந்துவிடும். ஒவ்வொரு துளையின் மேலும் குட்டியாக, கூர்மையாக, பச்சை கலந்த நீலத்தில் ஒரு கூம்பு நிற்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பி அந்தரத்தில் ஆடும், இரைச்சல் போடும், சில துளைகளில் அணைந்தே போகும். அது காற்று அதிகம் என்பதற்கு அடையாளம். கொஞ்சம் பின்வாங்கி, திருகை இறுக்கிவிடுங்கள்.

இதை பர்னர் சூடேறிய பிறகு, வழக்கமாக நீங்கள் வைக்கும் அழுத்தத்தில், முழுத் தீயில் செய்ய வேண்டும். பிறகு சிம்மில் வைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். முழுத் தீயில் அழகாக எரிவது, குறைத்ததும் "பொக்" என்று குழாய்க்குள் இறங்கிவிடலாம். அப்படி இறங்கினால் தீ மேலே தெரியாது, ஜெட் பக்கம் ஒரு சீறல் கேட்கும், கழுத்து பழுக்கக் காயும். உடனே கேஸை மூட வேண்டும், ஊதி அணைக்கிற வேலை கூடாது. ஆறவிட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து, மறுபடி பற்றவைக்கலாம்.

இந்த ஊரில் நீலம் என்றால் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே புடவைக்கு ஒரு நீலம் உண்டு. நிறத்தைப் பிரித்துப் பார்க்கிற கண் இங்கே பலருக்குப் பிறவியிலேயே வந்தது. சாயக்காரரிடம் அரக்கிலேயே நாலு அரக்கைக் காட்டினால் நாலையும் தனித்தனியாகச் சொல்வார். அதே கண்ணைத் தீயின் மேல் வைத்தால் போதும், வேறு கருவி வேண்டாம். ஆனால் சாயப்பட்டறையில் அந்தக் கண்ணையும் ஏமாற்றுகிற ஒரு விஷயம் இருக்கிறது.

பட்டு நூல் வரும்போது அதன் மேல் செரிசின் என்கிற பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் அந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் நூலை வேகவைத்தால்தான் அது கரைந்து, பட்டு மினுக்கமாக வெளியே வரும். அந்தச் சோடாத் தண்ணீர் பொங்கி பர்னர் மேல் வழிந்து காய்ந்துவிட்டால், மறுநாள் தீ ஆரஞ்சு மஞ்சளில் எரியும். காற்று போதவில்லை என்று நினைத்துத் தகட்டைத் திறக்கத் திறக்க, தீ எழும்புமே தவிர மஞ்சள் போகாது. ஏனென்றால் அது கரியின் மஞ்சள் இல்லை, சோடியத்தின் மஞ்சள். பழைய மஞ்சள் தெருவிளக்குகளில் ஒளிர்ந்ததும் இதே சோடியம்தான். சமையல்கட்டில் உப்புத் தண்ணீர் வழிந்தாலும் இதே கதைதான்.

இரண்டையும் பிரிப்பது சுலபம். சுத்தமான பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்றை இடுக்கியால் பிடித்துத் தீயின் நுனியில் சில நொடி காட்டுங்கள். கரி படிந்தால் காற்றுக் குறைவு. கரியே படியாமல் நிறம் மட்டும் மஞ்சளாக இருந்தால், பர்னர் தலையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் காயவைத்தால் சரியாகிவிடும். தகட்டைத் தொடவே வேண்டாம். எந்த மஞ்சள் என்று தெரியாமல் தகட்டைத் திருகுகிறவர்கள்தான், நன்றாக இருந்த பர்னரைக் கெடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

அடுத்தது ஜெட்டை ஊசியால் குத்துவது. ஊக்கு, குண்டூசி, தையல் ஊசி, எது கையில் கிடைக்கிறதோ அது. ஜெட் பித்தளை, ஊசி எஃகு. குத்தக் குத்தத் துளை அகலும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகன்றால், பரப்பில் 21 சதவீதம் கூடும். ஐந்தில் ஒரு பங்கு கேஸ் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். துளையும் வட்டமாக இருக்காது, பீச்சல் நேராக வராமல் குழாயின் சுவரில் மோதும், காற்றை இழுக்கிற சக்தி குறையும். கேஸ் கூடி, காற்று குறைந்து, அண்டா கருத்து, "சிலிண்டர் முன்ன மாதிரி வர்றதில்ல, எடை குறைச்சுக் கொடுக்கறாங்க" என்று ஏஜென்சி மேல் கோபம் வரும். ஜெட் அடைத்தால் கழற்றி மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ ஊறவைத்து, பிரஷ் முடி ஒன்றால் துடைத்து, முழுக்கக் காயவைத்து மாட்டலாம். அதற்கும் மசியவில்லை என்றால் புது ஜெட் போடுங்கள். வீணாகும் கேஸோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

பரணில் கிடந்த பர்னரை எடுக்கும்போது குழாய்க்குள்ளும் பாருங்கள். சிலந்திக்கும் குளவிக்கும் அந்தக் குழாய் ரொம்பப் பிடித்த இடம். ஒரு வலை போதும், கேஸ் முன்னால் போக முடியாமல் தகட்டு வழியாகப் பின்னால் கசியும், பற்றவைத்ததும் தீ ஆள் நிற்கிற பக்கம் வரும். 2019ல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தபோது இந்த ஊருக்குள் கூட்டம் தாங்கவில்லை. அது மாதிரி நேரங்களில்தான் எங்கெங்கோ கிடந்த பர்னர்கள் எல்லாம் கொட்டகைக்கு வரும். இனி 2059ல் தான் அடுத்தது என்றாலும், கருட சேவை அன்னதானம் வருஷா வருஷம் வருகிறது. பைப் கிளீனர் பிரஷ் ஒன்றை விட்டு இழுத்துவிட்டுப் பற்றவைப்பதற்கு அரை நிமிஷம்தான்.

கொட்டகை என்றதும் செங்கல் ஞாபகம் வருகிறது. காற்றடித்துத் தீ ஆடுகிறது என்று பர்னரைச் சுற்றிச் செங்கல்லை நெருக்கமாக அடுக்கி, மேலே அண்டாவை உட்காரவைத்துவிடுவார்கள். தீ ஆடாது, உண்மைதான். ஆனால் மீதிப் பாதி காற்று வெளியிலிருந்து வர வேண்டும் என்று சொன்னேனே, அதற்கும் வழி இல்லாமல் போய்விடும். எரிந்த புகை வெளியே போகவும் இடமிருக்காது. அண்டாவின் அடியில் கரி அப்பும், கண் எரியும், கூடவே கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடின கொட்டகைக்குள் நிற்கிறவருக்குத் தலைவலி, மயக்கம் என்றுதான் முதலில் தெரியும். காற்று வருகிற பக்கம் மட்டும் மறைப்பு வையுங்கள், அதையும் பர்னரிலிருந்து தள்ளி வையுங்கள். கீழே காற்று நுழையவும், அண்டாவுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் புகை வெளியேறவும் இடைவெளி விடுங்கள்.

அண்டாவின் உயரமும் இதோடு சேர்ந்ததுதான். நீலக் கூம்பின் நுனி பாத்திரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் குளிர்ந்த உலோகம் தீயை அரைகுறையாக அணைத்துவிடும், பாதி எரிந்த கேஸ் கரியாகப் படியும். ரொம்பத் தூக்கி வைத்தாலும் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். கூம்புக்குக் கொஞ்சம் மேலே அடிப்பாகம், தீ முழுக்க அந்த அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். பக்கவாட்டில் ஏறுகிற தீ, பக்கத்தில் நிற்கிறவரின் லுங்கியைத்தான் சூடாக்கும்.

இதெல்லாம் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக 3,000 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிலோ கேஸ் கொடுப்பது ஏறக்குறைய 11,000. சூட்டில் 60 சதவீதம் தண்ணீருக்குப் போகிற மாதிரி அடுப்பு இருந்தால் 450 கிராம் போதும். 40 சதவீதம்தான் போகிறது என்றால் 680 கிராம். ஒரு கொப்பரைக்கு 230 கிராம் வித்தியாசம். நாளுக்கு நாலு கொப்பரை வைத்தால், மூன்று வாரத்தில் ஒரு முழு 19 கிலோ சிலிண்டர் காற்றோடு போய்விடுகிறது. வீட்டு கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பதே குறைந்தது 68 சதவீதம், அதனால் 60 என்று நான் வைத்தது பேராசை இல்லை.

கூட்டின தீயால் வேலை சீக்கிரம் முடியும் என்கிற நம்பிக்கைக்கும் இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைக் கேட்டு வெளியூரிலிருந்து வருகிறார்களே, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பது. அதை வேகவைப்பது ஆவி. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டால் ஆவியின் சூடு 100 டிகிரிதான், தீயை இரண்டு மடங்காக்கினாலும் 101 ஆகாது. தண்ணீர்தான் இரண்டு மடங்கு வேகத்தில் வற்றும், கவனிக்காவிட்டால் அடி தீயும். கொதி வரும்வரை முழுத் தீ, வந்ததும் மூடியைப் போட்டு, ஆவி விடாமல் வருகிற அளவுக்குச் சிம். நல்ல இட்லி மாஸ்டர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

சாயத்தில் இது இன்னும் நுணுக்கம். நூல் சிட்டத்தைக் கம்பில் மாட்டி, கொப்பரையில் முக்கி முக்கித் திருப்பிக்கொண்டே சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். படீரென்று ஏற்றினால் நிறம் ஒரு பக்கம் ஓடிப் பிடித்துக்கொள்ளும், திட்டுத் திட்டாகிவிடும். தளதளவென்று கொதிக்கவும் தேவையில்லை, கொதித்தால் நூல் சிக்கும், பொலிவும் போகும். விறகு அடுப்பில் கட்டையை வெளியே இழுத்து, உள்ளே தள்ளி இதைச் சமாளிக்கிறார்கள். அது பெரிய கை வித்தைதான், மறுக்கவில்லை. பர்னரில் அந்த வேலையை ஒரு வால்வு செய்துவிடும், தீ குறைந்த நிலையிலும் அணையாமல், உள்ளே இறங்காமல் நிற்கிற மாதிரி காற்று சரியாக வைக்கப்பட்டிருந்தால். விறகுக்குப் பழகின மாஸ்டர் ஒருவர் பர்னரை வேண்டாம் என்று சொன்னபோது காரணம் கேட்டேன். "குறைச்சா அணைஞ்சுடுது, கூட்டினா கொதிச்சுடுது. நடுவுல ஒண்ணும் இல்லயே தம்பி" என்றார். அவருக்குக் கிடைத்தது சரியாக வைக்காத பர்னர். அந்த நடுவைக் கொடுப்பது காற்றுத் தகடுதான்.

இப்போது கொஞ்சம் பயமுறுத்த வேண்டியிருக்கிறது. பெரிய பர்னர் தொடர்ந்து எரியும்போது சிலிண்டரின் வெளியே வியர்க்கும், சில நேரம் பனி பூக்கும், தீயும் தளரும். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாக மாறச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. நாம் இழுக்கிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்காக வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் அடுப்பை நகர்த்துவது, கடைசிக் கேஸையும் எடுக்கச் சிலிண்டரைப் படுக்கப் போடுவது எல்லாம் நடக்கிறது. படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபில் வரும். ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் அளவுக்கு ஆவியாக விரியும், பர்னரில் தீப்பந்தம் எழும். இரண்டு மூன்று சிலிண்டரை மேனிஃபோல்டு போட்டு இணைத்து, சுமையைப் பகிர்ந்து கொடுப்பதுதான் வழி. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக, காற்றோட்டமான இடத்தில் நிற்கட்டும்.

இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நம் பழைய வீடுகளில் தறிக்குழி இருக்கிறது, கால்மிதி போட்டு உட்கார்ந்து நெய்கிற அந்தக் குழி. தறி இருக்கிற அறையை ஒட்டியே சமையலும் சாயமும் நடக்கிற வீடு என்றால், சிலிண்டரை அந்தக் குழிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காற்றில் இரண்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்பி, 1906க்குப் போன் செய்யுங்கள். கசிவு எங்கே என்று பார்க்கச் சோப்பு நுரை போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பற்றவைக்கும்போது குச்சியை, இல்லை லைட்டரை முதலில் பர்னரிடம் கொண்டுபோய், பிறகு கேஸைத் திறக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு, சேர்ந்த கேஸ் கலைந்து வாசனை போகும்வரை காத்திருந்து மறுபடி. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற நாலு ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். கூட இருப்பது வருஷம். அடுத்த சோதனைக்கான கெடு அது. தாண்டினதாக இருந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள், சண்டை போடத் தேவையில்லை, அது உங்கள் உரிமை.

குழாய் கேஸ் நம் மாவட்டத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது. கடைக்கோ பட்டறைக்கோ அதற்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குழாயில் வருவது மீத்தேன். அது காற்றைவிட லேசு, கசிந்தால் கூரைக்குப் போகும், அதனால் காற்றோட்டம் மேலே வேண்டும். ஒரு லிட்டருக்கு அதில் இருக்கிற சூடு சிலிண்டர் கேஸில் பாதிக்கும் குறைவு, வேண்டிய காற்றும் லிட்டருக்குப் பத்துக்குள்தான். வீட்டு இணைப்பில் அழுத்தமும் 21 மில்லிபார்தான், வீட்டுச் சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுப்பது 30. அதனால் பெரிய துளை ஜெட் போட வேண்டும், காற்றுத் தகட்டை முதலிலிருந்து மறுபடி சரிசெய்ய வேண்டும். பழைய ஜெட்டோடு குழாய் கேஸை எரித்தால் தீ நோஞ்சானாக வரும். ஆபத்து அதன் தலைகீழில்: குழாய் கேஸுக்கு மாற்றின பர்னரை அவசரத்துக்குச் சிலிண்டரில் மாட்டினால் மஞ்சள் தீ ஆளுயரத்துக்கு வரும். வாடகைப் பாத்திரக் கடைக்காரர்கள் இரண்டு வகை பர்னரையும் ஒரே மூலையில் போடப்போகிறார்கள். மாற்றுகிற அன்றைக்கே கழுத்தில் பெயின்டால் எது எதற்கு என்று எழுதிவிடுங்கள், கழற்றின ஜெட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.